'தி வயர்' முதல் சீசனை டிஸ்க்கில் வாங்கிப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் போலீசையும் அங்கே போதைப்பொருள் விற்கும் கும்பலையும் பற்றிய 'தி வயர்' தொடரின் முதல் சீசனை டிவிடியிலோ புளூ-ரேயிலோ வாங்கிப் பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நண்பர்கள், உறவினர்கள் என ஏழெட்டுப் பேருக்கு இந்தப் பெட்டியை வாங்கவும் பார்க்கவும் உதவியிருக்கிறேன். எல்லோரும் இடறியது ஒரே இடத்தில்: பெட்டியை முதலில் வாங்கிவிட்டு, பிளேயரைப் பற்றிப் பிறகு யோசித்தார்கள். இங்கே பெட்டி வாங்குவது நான்காவது படியாக வருவதற்குக் காரணம் அதுதான். முந்தைய மூன்றையும் தாண்டிக் குதிக்காதீர்கள்.

1. கையில் இருக்கும் பிளேயரின் முதுகைப் பாருங்கள்

பிளேயரைத் திருப்பினால் பின்பக்க ஸ்டிக்கரில் சின்ன உலக உருண்டைப் படமும் அதற்குள் ஓர் எண்ணும் இருக்கும். அது ரீஜன் எண். உலகச் சந்தையைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் விற்ற டிஸ்க் இன்னொரு பகுதியின் பிளேயரில் ஓடாதபடி போட்ட பூட்டு அது.

டிவிடிக்கு அமெரிக்காவும் கனடாவும் 1. பிரிட்டனும் ஐரோப்பாவும் 2. சிங்கப்பூரும் மலேசியாவும் 3. ஆஸ்திரேலியா 4. இந்தியாவும் இலங்கையும் 5. 'தி வயர்' டிவிடிகளில் சந்தையில் அதிகம் கிடைப்பவை 1, 2 எண் கொண்டவை. இந்தியாவில் வாங்கிய சாதாரண பிளேயரில் இரண்டுமே ஓடாது.

புளூ-ரேக்குப் பிரிவினை வேறு. அமெரிக்கா, சிங்கப்பூர், மலேசியா 'ஏ'. பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா 'பி'. இந்தியா, இலங்கை 'சி'. ஒரு புளூ-ரே பிளேயருக்குள் இரண்டு பூட்டுகள் இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டிவிடி பூட்டு திறந்திருந்தால் புளூ-ரே பூட்டும் திறந்திருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். விற்பவரிடம் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

நண்பர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வந்த அக்காவிடம் சொல்லி இந்தப் பெட்டியை வரவழைத்தார். டிஸ்க்கைப் போட்டதும் ரீஜன் பொருந்தவில்லை என்ற ஒற்றை வரிதான் திரையில் வந்தது. பதிமூன்று எபிசோட்களும் எட்டு மாதம் அலமாரியில் கிடந்தன.

எல்லா ரீஜனையும் ஓட்டும் பிளேயர் வாங்குவதே நேரான தீர்வு. வாங்கும்போது வேறு ரீஜன் டிஸ்க் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே போட்டுப் பாருங்கள். அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். அமெரிக்காவிலிருந்து பிளேயரையே கொண்டுவருவதாக இருந்தால் அது எத்தனை வோல்ட்டில் ஓடும் என்று பாருங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. 120 மட்டும் தாங்கும் பிளேயரை நம் பிளக்கில் செருகினால் அடுத்த நொடியே கருகிவிடும்.

மடிக்கணினியில் பார்க்கலாம் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கணினியின் டிவிடி டிரைவில் ரீஜனை ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவது முறை எதை வைத்தீர்களோ அதுவே நிலைத்துவிடும். மாற்றட்டுமா என்று திரை கேட்கும்போது விரல் தன்னால் 'சரி'க்குப் போகும். அங்கேதான் நிதானிக்க வேண்டும்.

2. படம் எந்த வடிவத்தில் வேண்டும் என்று தீர்மானியுங்கள்

இந்தத் தொடருக்கு மிக முக்கியமான முடிவு இது. பெரும்பாலானோர் பாதித் தொடர் ஓடிய பிறகுதான் இப்படி ஒரு தேர்வு இருந்ததே என்று அறிகிறார்கள்.

'தி வயர்' 2002 முதல் 2008 வரை எச்பிஓ அலைவரிசையில் வந்தது. ஐந்து சீசன்களும் பழைய தொலைக்காட்சியின் வடிவமான 4:3 சட்டகத்துக்காகவே படமாக்கப்பட்டவை. டிவிடிகளில் இருப்பது அந்தச் சட்டகம்தான். பிறகு தொடரை அகலத்திரைக்கு, அதாவது 16:9க்கு மாற்றி, உயர் தெளிவில் 2014 டிசம்பரில் ஒளிபரப்பினார்கள். 2015 ஜூனில் வந்த புளூ-ரேயில் இருப்பது இந்த அகல வடிவம் மட்டுமே. ஆக, பழைய சட்டகம் வேண்டுமென்றால் டிவிடி. கூர்மையான படம் வேண்டுமென்றால் புளூ-ரே. இரண்டையும் ஒரே டிஸ்க்கில் எதிர்பார்க்க முடியாது.

தொடரை உருவாக்கிய டேவிட் சைமன் இந்த மாற்றத்தைப் பற்றி வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அகலமானதால் சில காட்சிகள் மேம்பட்டன, சில காட்சிகள் இழந்தன என்பது அவர் கருத்து. தொடரின் காட்சிமொழியை வகுத்ததில் பெரும்பங்கு தயாரிப்பாளர் ராபர்ட் கோல்ஸ்பெரியுடையது. அவர் 2004இல் இறந்துவிட்டார். எனவே புதிய வடிவத்தில் அவர் கை படவில்லை.

என் பரிந்துரை: முதல் முறை பார்ப்பவர் டிவிடியில் பாருங்கள். முதல் சீசனின் பெரும்பகுதி இரண்டு நெருக்கடியான இடங்களில் நடக்கிறது. ஒன்று, தனிப்படைக்கு ஒதுக்கப்பட்ட நிலவறை அலுவலகம். இன்னொன்று, குடியிருப்புகளுக்கு நடுவே ஆரஞ்சு நிற சோபா கிடக்கும் முற்றம். அந்த முற்றத்துப் பையன்களை நாலாபக்கமும் சுவர் சூழ்ந்திருக்கிறது என்ற உணர்வைச் சதுரத்துக்கு அருகிலான அந்தச் சட்டகம் தருகிறது. ஐம்பத்தைந்து அங்குலத்துக்கு மேற்பட்ட டிவி வைத்திருப்பவருக்கு டிவிடி படம் மங்கலாகத் தோன்றும். அது உறுத்தும் என்றால் புளூ-ரேக்குப் போவதில் தவறில்லை. முடிவைத் தெரிந்து எடுங்கள் என்பதே நான் சொல்வது.

3. என்டிஎஸ்சியா, 'பால்' முறையா?

டிவிடி வாங்குபவர்களுக்கு மட்டும் இந்தப் படி. புளூ-ரேக்காரர்கள் அடுத்ததற்குப் போகலாம்.

என்டிஎஸ்சி, 'பால்' (PAL) இரண்டும் நாட்டுக்கு நாடு மாறும் தொலைக்காட்சிப் பட முறைகள். அமெரிக்க டிவிடிகள் என்டிஎஸ்சி முறையில் இருக்கும், பிரிட்டன் டிவிடிகள் 'பால்' முறையில். இன்றைய தட்டைத் திரை டிவிகள் இரண்டையும் காட்டுகின்றன. ஆனால் பழைய 'பால்' டிவியில் என்டிஎஸ்சி டிஸ்க் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டோடும் படமாகவோ வரலாம்.

வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. தொடர் நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் எடுக்கப்பட்டது. 'பால்' முறை அதை நொடிக்கு 25 ஆக ஓட்டுகிறது. அதாவது நான்கு விழுக்காடு வேகம் கூடுகிறது. 58 நிமிட எபிசோட் ஐம்பத்தைந்தரை நிமிடத்தில் முடிந்துவிடும், குரலின் சுருதியும் ஒரு பொடி உயரும். பிரிட்டன் பெட்டியை வாங்கிய இருவர், காட்சிகளை வெட்டிவிட்டார்கள் என்று என்னிடம் கோபமாகச் சொன்னார்கள். எதுவும் வெட்டப்படவில்லை. குரல் மாற்றத்தை உணரும் காது உடையவர் என்றால் என்டிஎஸ்சி வாங்குங்கள். மற்றபடி, கிடைப்பதை வாங்கலாம்.

4. இப்போது பெட்டியை வாங்குங்கள்

முதல் சீசனில் 13 எபிசோட்கள். டிவிடிப் பெட்டியில் 5 டிஸ்க், புளூ-ரேயில் 4. இந்த மூன்று எண்களையும் கையில் எழுதிக்கொண்டு கடைக்கோ இணையத்துக்கோ போங்கள். பழைய பெட்டி விற்பவர்கள் பலர் டிஸ்க்குகளை எண்ணிப் பார்ப்பதே இல்லை. இப்படி ஒரு பெட்டியில் மூன்றாவது டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒருவரின் திருமண வீடியோ எனக்கு வந்தது.

பழையதை வாங்கினால் எல்லா டிஸ்க்குகளின் அடிப்பக்கத்தையும் ஒன்றாக அடுக்கிப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தொழிற்சாலையில் அச்சான டிவிடியின் அடி வெள்ளியாகவோ வெளிர் தங்கமாகவோ மின்னும். ஊதா சாயல் தெரிந்தால் அது கணினியில் எரித்த நகல். மறுபேச்சில்லாமல் விலகிவிடுங்கள்.

ஐந்து சீசன்களையும் பார்க்கப்போகிறேன் என்று உறுதியாக இருப்பவர், 60 எபிசோட்களும் அடங்கிய முழுத் தொகுப்பின் விலையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்தத் தொடர் ஒத்துவருமா என்று தெரியாதவருக்கு முதல் சீசன் மட்டுமே போதும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அஞ்சல் செலவும் சுங்கவரியும் சேர்ந்து பெட்டியின் விலையைத் தாண்டிவிடுவது உண்டு. கூட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

டிஸ்க்கில் தமிழ் சப்டைட்டில் கிடையாது. ஆங்கில சப்டைட்டில் இருக்கிறதா என்பதைப் பெட்டியின் பின்பக்கத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அது ஏன் அவசியம் என்று எட்டாவது படியில் சொல்கிறேன்.

ஓர் இடைக்குறிப்பு. வேறு குற்றத் தொடர்களை வாங்கும்போது இன்னும் கூடுதலாக விசாரிக்க வேண்டியிருக்கும். 'ட்வின் பீக்ஸ்' முதல் சீசன் 2001இல் அமெரிக்காவில் டிவிடியாக வந்தபோது, உரிமைச் சிக்கலால் அதன் தொடக்க எபிசோடே பெட்டியில் இல்லை. 2007இல் வந்த தொகுப்பில்தான் அது சேர்ந்தது. கொலை யாருக்கு நடந்தது என்பதையே காணாமல் கதைக்குள் நுழைய வேண்டிய நிலை. இசை உரிமைத் தொல்லையால் காட்சியின் பாட்டை மாற்றிப் போட்ட தொடர்களும் உண்டு. 'தி வயர்' வாங்குபவருக்கு இந்தக் கவலைகள் இல்லை.

5. பெட்டி வந்த அன்றே சோதியுங்கள்

திருப்பி அனுப்பக் கொடுக்கும் அவகாசம் சில நாட்கள்தான். வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்துக்கொண்டு போய் ஐந்தாவது டிஸ்க் பழுது என்று கண்டுபிடிக்கும்போது அவகாசம் முடிந்திருக்கும்.

முதலில் டிஸ்க்கைக் கழற்றும் முறை. நடுக்குமிழை ஒரு விரலால் அழுத்திக்கொண்டே ஓரத்தைத் தூக்குங்கள். அழுத்தாமல் ஓரத்தை மட்டும் இழுத்தால் டிஸ்க் வில்லாக வளையும், நடுத்துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விழும். பல டிஸ்க்குகள் பிளேயருக்குப் போவதற்கு முன்பே இப்படித்தான் பாழாகின்றன.

பிறகு டியூப்லைட்டின் கீழே சாய்த்துப் பாருங்கள். மேலோட்டமான கீறல்கள் பெரும்பாலும் தொல்லை தராது. டிஸ்க்குக்குள்ளே மேகம் படிந்ததுபோலவோ காப்பிக் கறைபோலவோ தெரிந்தால் அது அழுக்கு அல்ல, இரு அடுக்குகளையும் ஒட்டிய பசை கெட்டுப்போயிருக்கிறது. எவ்வளவு துடைத்தாலும் போகாது. 2006 முதல் 2008 வரை அச்சான தன் டிவிடிகள் சிலவற்றில் இப்படிப் பழுது வருவதை வார்னர் நிறுவனம் 2025இல் ஒப்புக்கொண்டது. எச்பிஓவும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே பழைய பெட்டிகளை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

கடைசியாக ஓட்டிப் பார்ப்பது. எல்லோரும் முதல் ஐந்து நிமிடம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அது போதாது. இரண்டு அடுக்கு டிவிடியில் லேசர் ஒளி முதல் அடுக்கை உள்ளிருந்து வெளி ஓரம் வரை படித்துவிட்டு, இரண்டாம் அடுக்கை வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கிப் படித்துக்கொண்டு திரும்புகிறது. கைரேகையும் கீறலும் அதிகம் விழுவது வெளி ஓரத்தில். ஆக, பழுது தலைகாட்டும் இடம் பெரும்பாலும் டிஸ்க்கின் நடுப்பகுதி எபிசோடில்தான் இருக்கும். ஒவ்வொரு டிஸ்க்கிலும் நடு எபிசோடை வேகமாக ஓட்டி, சில இடங்களில் நிறுத்திப் பாருங்கள். ஒரே ஓர் இடத்தில் அரை நொடி படம் நின்று நகர்ந்தால் அது அடுக்கு மாறும் இடம், பழுது அல்ல. சதுரம் சதுரமாகப் படம் சிதறினால் பழுது.

சோதிக்கும்போது டிவி ஒலியை அணைத்துவிடுங்கள். கதையின் முடிவைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

6. துடைக்க வேண்டியிருந்தால்

நன்றாகத் துவைத்த பழைய பருத்தி வேட்டித் துணி போதும். நடுத்துளையிலிருந்து ஓரத்தை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். பதிவு இருப்பது வட்டப் பாதையில். குறுக்கே விழும் கீறலைப் பிளேயரின் பிழைதிருத்தம் சமாளித்துவிடும். பாதையோடு சேர்ந்தே ஓடும் கீறலில் தொடர்ச்சியாகத் தகவல் போய்விடுவதால் அது திணறும்.

பற்பசை போட்டுத் தேய்க்கும் வைத்தியம் ஊரெங்கும் உலவுகிறது. புளூ-ரேயில் பதிவுப் படலம் மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. அதன்மேல் இருக்கும் கடினப் பூச்சைத் தேய்த்துவிட்டால் அந்த டிஸ்க்குக்குக் காப்பு இல்லை.

7. டிவியைச் சரிசெய்யுங்கள்

4:3 படம் அகலத்திரை டிவியில் இருபுறமும் கறுப்புப் பட்டையோடு வர வேண்டும். அதுதான் சரி. பட்டையைக் கண்டதும் ரிமோட்டை எடுத்து 'ஜூம்' அழுத்துவது நம் கை செய்யும் முதல் வேலை. ஜூம் செய்தால் படத்தின் உயரத்தில் கால் பங்கு போய்விடும். என் மாமா வீட்டில் இப்படித்தான் இரண்டு எபிசோட் ஓடியிருந்தது. நான் போனபோது தொடரில் வரும் போலீஸ் அதிகாரி லெஃப்டினன்ட் டேனியல்ஸ் நெற்றி இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார். "ஏன் மாமா இப்படி?" என்றேன். "காசு கொடுத்து வாங்கிய டிவியை முழுசாகப் பார்க்க வேண்டாமா?" என்றார். பட்டையோடு மாற்றி வைத்துவிட்டு, முந்தைய காட்சியைத் திரும்ப ஓட்டிக் காட்டினேன். திரையின் கீழ் விளிம்பில், மேசைமேல், அவர் அதுவரை பார்த்தே இராத பேஜர் (செல்பேசிக்கு முன் செய்தி பெற உதவிய சிறு கருவி) ஒன்று இருந்தது. இந்த சீசனில் பேஜர்களும் பொதுத் தொலைபேசிகளும் கதைமாந்தர்கள் அளவுக்கு முக்கியம். ஓரங்களை இழக்கக் கூடாது.

பிளேயரின் அமைப்பில் டிவி வகையை 16:9 என்றும், டிவியில் பட அளவை 'ஒரிஜினல்' அல்லது '4:3' என்றும் வையுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் முகங்கள் பக்கவாட்டில் உப்பிவிடும்.

அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். 24 ஃபிரேம் படத்துக்கு நடுவே டிவி தானாகவே புது ஃபிரேம்களைச் செருகுவதால், தெருக்காட்சி நாடக மேடைபோல் ஆகிவிடுகிறது.

வெளிச்சத்தைச் சரிபார்க்க முதல் எபிசோடின் முதல் நிமிடமே நல்ல அளவுகோல். இரவுத் தெரு, தார்ச்சாலையில் ரத்தக் கோடு, அதன்மேல் போலீஸ் வண்டியின் நீல விளக்கு பட்டு மறைகிறது. ரத்தம் தனியாகவும் சாலை தனியாகவும் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே கறுப்பாகக் கலந்தால் வெளிச்சத்தை ஓரிரு புள்ளி கூட்டுங்கள். எல்லாமே சாம்பல் பூத்தால் குறையுங்கள்.

தனி ஒலிபெருக்கிகள் இல்லாதவர்கள் பிளேயரின் ஒலி அமைப்பை 'ஸ்டீரியோ' என மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் சில டிவிகளில் பேச்சு அமுங்கி, தெருச் சத்தம் மேலெழும்.

8. பார்க்கும் முறை

சப்டைட்டிலை முதல் நிமிடத்திலிருந்தே போடுங்கள். பால்டிமோர் தெருப்பேச்சு ஆங்கிலம் நன்கு தெரிந்தவர்களுக்கும் பிடிபடாது. பின்னணி இசை என்று தனியாக ஏதும் அநேகமாக இல்லாத தொடர் இது. பாட்டு வந்தால் அது ஓடும் காரிலிருந்தோ கடை ரேடியோவிலிருந்தோ வரும், வசனத்தின் மேலேயே ஏறி நிற்கும். எந்த வசனம் முக்கியம் என்று இசை உங்களுக்கு எடுத்துச் சொல்லாது. எனவே வாசிக்க வேண்டும்.

ஒரு தாளை இரண்டாகப் பிரித்துப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் போலீஸ்: மக்நல்டி, பங்க், கீமா, டேனியல்ஸ், ஃப்ரீமன். வலப்பக்கம் போதைப்பொருள் விற்கும் பார்க்ஸ்டேல் கும்பலின் ஆட்கள்: ஏவன், ஸ்ட்ரிங்கர், டிஏஞ்சலோ, போடி, வாலஸ். இரண்டிலும் சேராதவர்களுக்கு அடியில் கொஞ்சம் இடம் விடுங்கள், வேண்டியிருக்கும். பெயரை இணையத்தில் தேட வேண்டாம். தேடல் பெட்டியில் பெயரை முடிக்கும் முன்பே அவர் கதி என்ன என்பதைக் கீழே காட்டிவிடும். பெட்டிக்குள் இருக்கும் எபிசோட் சுருக்கங்களையும் முன்கூட்டிப் படிக்காதீர்கள்.

ஒரே வழக்குதான் 13 எபிசோட்களும் ஓடுகிறது. தொடரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட எபிசோட் ஆறாவதாகத்தான் வருகிறது. அதுவரை வழக்குக்கு அடித்தளம் போடும் வேலை. முதல் மூன்றோடு விட்டவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். நான்காவது எபிசோடில் மக்நல்டியும் பங்கும் ஒரு காலி வீட்டுச் சமையலறையில் பழைய கொலை ஒன்றை அலசும் காட்சி வரும். ஏறக்குறைய ஒரே வசைச்சொல்லை மட்டும் சொல்லிக்கொண்டே, சுவரையும் சன்னலையும் அளந்து, குண்டு வந்த வழியைக் கண்டுபிடிப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுத் தொடர்வதா வேண்டாமா என்று முடிவுசெய்யுங்கள். குழந்தைகளை உடன் வைத்துக்கொண்டு பார்க்கக்கூடிய தொடர் இதுவல்ல என்பதற்கும் அந்தக் காட்சியே சான்று.

ஓர் இரவுக்கு இரண்டு எபிசோட் சரியான அளவு. நான்கைந்து சேர்ந்தால் பெயர்கள் குழம்பும். வாரத்துக்கு ஒன்று என்றால் நூல் அறுந்துபோகும். தொடக்கப் பாட்டைத் தாண்டிவிடாதீர்கள். அது முடிந்ததும் கறுப்புத் திரையில் ஒரு வரி மேற்கோள் வரும். அந்த எபிசோடில் யாரோ ஒருவர் பேசப்போகும் வசனம் அது. யார் வாயிலிருந்து, எந்த நேரத்தில் வருகிறது என்று கவனித்துக்கொண்டே பார்த்தால் எபிசோடின் மையம் கைக்குக் கிடைக்கும்.

9. விளக்க ஒலித்தடம் கடைசியில்

முதல் எபிசோடுக்கு டேவிட் சைமனின் விளக்க ஒலித்தடம், அதாவது படம் ஓடும்போதே அதைப் பற்றி அவர் பேசும் ஒலிப்பதிவு, இருக்கிறது. மெனுவில் முதலிலேயே கண்ணில் படுவதால் சிலர் ஆர்வத்தில் அதைத்தான் முதலில் போடுகிறார்கள். சீசன் முழுவதையும் அறிந்தவரோடு பேசுவதுபோல் பேசும் தடம் அது. பதிமூன்றாவது எபிசோட் முடிந்த பிறகு, முதல் எபிசோடை இந்தத் தடத்தோடு மறுபடி பாருங்கள். சும்மா கடந்துபோன முகங்கள் யார் என்பது அப்போது விளங்கும்.

10. எடுத்து வைக்கும்போது

பெட்டியைப் புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள். படுக்கவைத்து மேலே கனம் ஏற்றினால் டிஸ்க் வளையும். கடலோர ஊர்களில் ஈரத்தால் அட்டையில் பூஞ்சை பிடிக்கும். மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலத்தை எறியாமல் அலமாரியில் போட்டு வையுங்கள். டிஸ்க்கின் மேல்பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டவோ பேனாவால் பெயர் எழுதவோ வேண்டாம். யாருக்காவது கடன் கொடுத்தால் ஐந்து டிஸ்க்கையும் எண்ணிக் கொடுங்கள், எண்ணி வாங்குங்கள். இரண்டாம் சீசன் பெட்டி 12 எபிசோட்களோடு வரும். அதை வாங்கும்போது மீண்டும் நான்காவது படியிலிருந்து தொடங்கினால் போதும்.